மறுமுனையில் நின்றவர்கள்

கேப்டன் டென்ஸில் ஹார்கோர்ட்டின் மார்பில் நுழைந்த குண்டு முதுகு வழியாக வெளியே வந்து ஒரு கறையான் புற்றில் புதைந்தது. அதனால் ரூபன் டாப்செல் செத்துப்போனான். தென் ஆப்பிரிக்காவில் போயர்களோடு சண்டை மும்முரமாக இருந்த 1900ஆம் ஆண்டில் இது நடந்தது. கேப்டனின் பணியாளான ரூபன், அவருக்கு இடப்பக்கம் நின்று தண்ணீர்க் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. பட்டாளத்து டாக்டர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு வெயில்தான் காரணம் என்றார். கேப்டனின் மார்பில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது, அதன் வழியாகப் பார்த்தால் பின்னாலிருந்த குன்று தெரிந்தது. அவருக்கு வலிக்கவில்லை. அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டார். செய்தி சசெக்ஸிலுள்ள பிரிம்ஹர்ஸ்ட் கிராமத்துக்கு வந்தபோது ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ரூபனின் தாய் கெஸியா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், மகன் எவ்வளவு கிட்டத்தில் நின்றான் என்று. பக்கத்திலேயே நின்றான் என்றார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு, குடித்து வைத்திருந்த பீர்க் குவளைகளைக் கழுவப் போனாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஊர் கிரிக்கெட் மைதானத்தில் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் காட்டிய ஒரு மரியாதை. பிரிம்ஹர்ஸ்டில் வீடு, நிலம், குட்டை, குளம், மைதானம், சர்ச்சின் முன்வரிசை எல்லாமே ஹார்கோர்ட் குடும்பத்துக்குச் சொந்தம். கெஸியாவும் அவள் கணவன் இனக்கும் நடத்திய மதுக்கடைகூட அவர்களுடைய குத்தகைதான். ராணுவப் பள்ளியிலிருந்து லீவுக்கு வந்த சின்னவர் டென்ஸில் அந்தக் கோடையில் ஊர் அணிகளுக்கிடையே நடந்த ஆட்டத்தில் இறங்கினார். பந்து போட்டவன் வண்டிக்காரன் சால் பட்ஜன். மூன்றாவது பந்து மட்டையின் விளிம்பைத் தொட்டு நேராக விக்கெட் கீப்பரின் கைக்குப் போனது. அந்தச் சத்தம் பாதிரியாரின் நாய்க்குக்கூடக் கேட்டது. ஆனால் எல்ம் மரத்தடியில் டென்ஸிலின் அப்பா பெரிய ஹார்கோர்ட் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், குத்தகை புதுப்பிக்கிற மாதமும் நெருங்கிக்கொண்டிருந்தது. பதினோரு பேரில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. கிரிக்கெட்டில், களத்தில் நிற்கிறவர்கள் கேட்காமல் அம்பயர் அவுட் கொடுக்க முடியாது. அம்பயர் இனக் டாப்செல் கையைப் பையிலேயே வைத்திருந்தான்.

டென்ஸில் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. யாராவது கேட்டிருந்தால் மறுபேச்சு பேசாமல் வெளியே போயிருப்பார். பெரிய மனிதர்கள் அப்படித்தான் ஆடுவார்கள் என்று அவருக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யாரும் கேட்காததால் மட்டையில் படவில்லை என்று நிஜமாகவே நம்பினார். ஆனால் அப்படியொரு நல்ல பந்து வீணாகிப்போனது மற்றவர்களுக்கு உறுத்தியது. மறுமுனையில் நின்றுகொண்டிருந்த கிழவன் நெட் கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தானே அவுட்டான மாதிரி, நடந்து வெளியே போய்விட்டான். எல்லோருக்கும் மனம் லேசானது. கைதட்டல்கூட எழுந்தது. அடுத்த சனி, அதற்கடுத்த சனி என்று அது ஊர் வழக்கமாகிவிட்டது: கேப்டன் அவுட்டானால் மறுமுனைக்காரன் போவான். ஒருமுறை நடு ஸ்டம்பே பிடுங்கிக்கொண்டு விழுந்தது. கீப்பர் குனிந்து அதை எடுத்து நட்டு வைத்து, "கீழே அகழெலி குடைஞ்சிருக்குங்க, கேப்டன்" என்றான். பாவம், கேப்டன் அந்த அகழெலிக்காகப் பொறி வைக்கச் சொல்லி ஆளனுப்பினார்.

இரவில் கடையை மூடும்போது கெஸியா கணவனிடம் இதைப் பற்றிக் கேட்பாள். "அவுட்டுன்னு உனக்குத் தெரியுதுல்ல? கையைத் தூக்கறதுக்கு என்னய்யா நோவு?"

"கேட்டா சொல்லுவேன். கேக்காம சொல்றதுக்கு நான் யாரு? சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"சட்டமா, குத்தகையா?"

"ரெண்டும்தான்" என்பான் இனக். ஒளிவுமறைவு இல்லாதவன்.

சாவு எப்போது இந்த வழக்கத்தைக் கற்றுக்கொண்டது என்று திட்டமாகச் சொல்ல முடியாது. 1894இல் நரிவேட்டைக்குப் போன கேப்டன் வேலியைத் தாண்டும்போது விழுந்தார், குதிரை அவர் மேல் புரண்டது. எழுந்தபோது கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி இருந்தது. அன்றிலிருந்து அவர் யாரை நேராகப் பார்ப்பதானாலும் தோளைச் சாய்த்துத்தான் பார்ப்பார். பின்னால் வந்துகொண்டிருந்த குதிரைக்காரப் பையன் சேணத்திலிருந்து இறங்கி, புல்லில் படுத்து, உயிரை விட்டான். அதற்கடுத்த குளிர்காலத்தில் கேப்டனுக்கு நிமோனியா கண்டு மூச்சு நின்றது. கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார்கள், ஆவி படியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து அவித்த முட்டை கேட்டார், சூப் கொண்டுவந்த வேலைக்காரி மாடிப்படியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். ஊர் அதைப் பேசியது, மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அம்மாக்கள் பிள்ளைகளிடம் கேப்டனுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தள்ளி நில் என்றார்கள். கேப்டனோ செத்தவர் வீட்டுக்குத் தவறாமல் போவார். தன் காட்டில் சுட்ட காட்டுக்கோழி ஒரு ஜோடியை மேசைமேல் வைத்துவிட்டு, "நல்ல பையன். என் பக்கத்துல இருக்கறவங்களுக்கே இப்படி ஆகுது, பாருங்க, எனக்கு ராசியே இல்ல" என்று கண்கலங்குவார். நிஜமான கண்ணீர்தான். பிரிம்ஹர்ஸ்டில் ஒரு வீட்டிலிருந்து காட்டுக்கோழி வறுக்கிற வாசனை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் திரையை இழுத்துவிடுவார்கள்.

ரூபனுக்கும் அந்த ஜோடி வந்தது. கெஸியா அதைச் சமைக்கவில்லை, நாய்க்கும் போடவில்லை. கடையின் பின்கதவில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். அது இறகு உதிர்ந்து, வற்றி, கடைசியில் எலும்பாக, காற்றடிக்கும்போது கதவில் தட்டிக்கொண்டு வருடக்கணக்கில் அங்கேயே கிடந்தது. கேப்டன் பீர் குடிக்க வந்த நாட்களில் அந்தச் சத்தத்தைக் கேட்டு, "கதவுல யாரோ, பாரு டாப்செல்" என்பார்.

1914இல் ஜெர்மனியோடு சண்டை மூண்டது. கேப்டன் அதற்குள் கர்னல் ஆகிவிட்டார், ஊர் வாய்க்கு மட்டும் இன்னும் கேப்டன்தான். அவர் ஊரிலேயே ஒரு கம்பெனி திரட்டினார். மைதானத்தில் மேசை போட்டு உட்கார்ந்ததும் பையன்கள் கூட்டமாக வந்து பேர் கொடுத்தார்கள். அவர்களில் கெஸியாவின் இரண்டாவது மகன் நேதனும் ஒருவன். வயது பத்தொன்பது, அண்ணனைப் போலவே நீண்ட கை, வெகுளி. கேப்டன் கடைக்கு வந்து கெஸியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரூபனுக்கு நான் பட்ட கடன் இருக்கு, மிஸஸ் டாப்செல். இவனை என் பக்கத்துலேயே வச்சுப் பாத்துக்கறேன். ஒரு அடி தள்ளி நிக்க விடமாட்டேன், சரிதானா?"

கெஸியா கையை உருவிக்கொண்டாள். அவள் இனக்கைப் பார்த்தாள். இனக் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் போனதும் அவள் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து சொன்னாள்: "பட்டாளம் போறதுக்கு முன்னாடி வழியனுப்பு ஆட்டம் வச்சிருக்காரில்ல. அதுல அவரை அவுட்டாக்கணும். ஒரே ஒரு தடவை. ஒருத்தன் கேட்டா போதும், நீ கையைத் தூக்கிடு. சாவும் முறையை மாத்திக்கும்."

"கேட்டா தூக்கறேன்."

"சத்தியமா?"

"ரூபன் மேல சத்தியம்."

அவள் வீடு வீடாகப் போனாள். எதிரணியில் ஆடப்போகிற பதினோரு பேரும் பட்டாளத்துக்குப் பேர் கொடுத்தவர்கள்தான், எல்லோருடைய உயிரும் இதில் மாட்டியிருந்தது. அவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. பந்து போடப்போகிறவன் சாலின் மகன் ஏமஸ் பட்ஜன். அவன் மனைவி மார்த்தா பிள்ளைத்தாய்ச்சி. "கத்திடறேன் அக்கா, ஊரே அதிர்றாப்ல கத்திடறேன்" என்று அவன் மார்பில் அடித்துச் சொன்னான். மற்றவர்களும் அப்படியே. அந்த வாரம் முழுக்கக் கடையில் பீர் ஓசியாகப் போனது.

ஆட்டத்தன்று வெயில் அருமையாக இருந்தது. கேப்டன் முதலில் இறங்கினார். வாக்குத் தவறாதவர், மறுமுனைக்கு நேதனைக் கூட்டிக்கொண்டு போனார். தேநீர்க் கூடாரத்தில் கெஸியா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். ஏமஸ் உயிரைக் கொடுத்துப் பந்து போட்டான். அது குத்தி எழும்பி, உள்ளே திரும்பி, கேப்டனின் மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து மூன்று ஸ்டம்பையும் சாய்த்துவிட்டது. ஒரு ஸ்டம்ப் உருண்டு கீப்பரின் காலடிக்குப் போனது. ஏமஸ் வாயைத் திறந்தான். கேப்டன் தோளைச் சாய்த்து அவனைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். எப்போதும்போல நல்லவிதமாக, உன் அப்பனை எனக்குத் தெரியும், உன் வீட்டை எனக்குத் தெரியும் என்கிற மாதிரி. ஏமஸ் கொட்டாவி விட்டு வாயை மூடிக்கொண்டான். மற்ற பத்துப் பேரும் தங்கள் பூட்சில் ஏதோ இருப்பதுபோலக் குனிந்து பார்த்தார்கள். 

"அவர் அவுட்டா இல்லையா?" என்று கூடாரத்திலிருந்து கெஸியா கத்தினாள். கரண்டியை எறிந்துவிட்டு எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடி வந்தாள். "யோவ் இனக்! நான் கேக்கறேன்! அவுட்டா இல்லையா, சொல்லுய்யா!"

இனக்கின் வலது கை தோள்வரை எழுந்தது. ஊரே பார்த்தது. அங்கேயே நின்றது. பிறகு அவன், தன் வாழ்க்கையில் எதையும் ஒழுங்காகச் செய்த மனிதன் என்பதால், மெதுவாகக் கையை இறக்கினான். "ஆடறவங்கதான் கேக்கணும், கெஸியா. வெளியில இருக்கறவங்க கேட்டா செல்லாது" என்றான். குரல் உடைந்திருந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"மிஸஸ் டாப்செல்லுக்கு வெயில் ஒத்துக்கலபோல" என்றார் கேப்டன் அக்கறையோடு. "யாராவது கேட்டீங்களா பசங்களா? இல்லையே? அப்ப சரி."

 மறுமுனையில் நின்ற நேதன் அம்மாவைப் பார்த்தான். பிறகு மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தான். அவளைத் தாண்டும்போது, "விடும்மா, வழக்கம்தானே" என்றான். அவன் உட்கார்ந்து கால்காப்பை அவிழ்க்கும்வரை கைதட்டல் ஓயவில்லை. கேப்டன் அன்று நூறு அடித்தார்.

பிரான்ஸில் ஒரு சுண்ணாம்பு மேட்டில் அடுத்த செப்டம்பர் மாதம் நடந்ததைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. கேப்டன் பிரம்பைச் சுழற்றிக்கொண்டு கம்பெனிக்கு முன்னால் நடந்தார். முதல் குண்டு அவர் வயிற்றைத் துளைத்தபோது நேதன் போனான். இரண்டாவது, கழுத்து, ஏமஸ் போனான், அவன் பெண் குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம். எறிகுண்டு ஒன்று நேராக அவர் மேலேயே வெடித்தது, கீப்பரும் அவன் தம்பியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். கேப்டன் திரும்பித் திரும்பிப் பார்த்து, "நெருங்கி வாங்க பசங்களா, என் கூடவே வாங்க" என்று கூப்பிட்டார், அவர்களும் நெருங்கி வந்தார்கள். ஒருவன்கூடத் தள்ளி நிற்கவில்லை. மேட்டின் உச்சியை எட்டியபோது அவர் தனியாக இருந்தார். அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு சின்னக் குண்டு வந்து அவர் முழங்காலில் பட்டது. மறுமுனையில் ஆளில்லை. அவருக்கு வலித்தது. முழங்கால் மட்டும் இல்லை. வயிறு, கழுத்து, ரூபன் வாங்கிக்கொண்ட மார்பு, குதிரை புரண்ட முதுகெலும்பு, நிமோனியா எல்லாம் ஒரே நேரத்தில் வலித்தது. அவர் போட்ட சத்தம் எதிரிப் பதுங்குகுழியில் இருந்தவர்களுக்குக்கூடப் பயத்தைக் கொடுத்தது, சுடுவதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள்.

1919இல் அவர் பிரிம்ஹர்ஸ்டுக்குத் திரும்பியபோது அவரை வண்டியில் ஏற்றத் தெம்புள்ள ஆண்பிள்ளை இல்லை. பெண்கள்தான் தூக்கி வைத்தார்கள். எடையே இல்லை. காற்றடித்தால் அவருக்குள்ளிருந்து சீட்டியடிக்கிற மாதிரி சத்தம் வந்தது. நல்லெண்ணத்தோடு மதுக்கடைக்கு வந்து தேநீர் கேட்டார், குடித்ததெல்லாம் வயிற்று ஓட்டை வழியாகக் கோட்டில் வடிந்தது. கெஸியா அடியில் ஒரு கிண்ணத்தை வைத்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கத் தோளைச் சாய்த்தார், அந்தச் சின்ன அசைவுக்கே பல்லைக் கடித்தார். "மிஸஸ் டாப்செல், எனக்கு இப்பத்தான் புரிஞ்சது" என்றார். "நான் அவுட்டு. எப்பவோ அவுட்டு. உங்க யாருக்கும் அதைச் சொல்லத் தோணலையா?"

"ஒரு தடவை சொன்னேன்" என்றாள் கெஸியா. "செல்லாதுன்னுட்டாங்க."

அவர் அழுதார். காட்டுக்கோழி கொண்டு வந்தபோது அழுத அதே அழுகைதான், ஆனால் இந்த முறை தனக்காக. ராணுவ டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்; அவர் தன் துப்பாக்கியால் இரண்டு தடவை முயன்று பார்த்திருந்தார், இரண்டு ஓட்டையும் இரண்டு வலியும்தான் மிச்சம். அவர் சாவதற்குச் சட்டப்படி ஒரே வழிதான் இருந்தது. பந்து போட வேண்டும், ஸ்டம்ப் விழ வேண்டும், களத்தில் நிற்கிற யாராவது ஒருவர் கேட்க வேண்டும், இனக் கையைத் தூக்க வேண்டும். ஆடத் தெம்போடு ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் விதவைகளும் தாய்மார்களும்தான். அவர்களையே அணியாக இறங்கச் சொன்னார். பெண்கள் ஆடினால் செல்லுமா என்று இனக்கிடம் கேட்டபோது அவன் சட்டத்தை யோசித்துப் பார்த்து, செல்லும், ஆடுகிறவர் யாராயிருந்தாலும் செல்லும் என்றான்.  அவன் அதைச் சொன்ன நேரத்தில் கெஸியாவுக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம்போல இருந்தது.

ஆட்டத்தைப் பற்றிப் பெண்கள் முன்கூட்டி எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. இதைப் பிறகு பலர் நம்ப மறுத்தார்கள், ஆனால் அதுதான் உண்மை. கறுப்புப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பதினோரு பேர் மைதானத்தில் நின்றார்கள். கெஸியா கீப்பர். கேப்டன் மட்டையை ஊன்றிக்கொண்டு நடந்து வந்தார், மறுமுனை காலியாக இருந்தது. அம்பயர் கோட்டு போட்டு நின்ற இனக்குக்கு அழுகையும் ஆசையுமாக இருந்தது. முப்பது வருடமாகத் தூக்காத கை, இன்று தூக்கப்போகிறோம் என்று காலையிலிருந்தே விரலைப் பிசைந்துகொண்டிருந்தான். மார்த்தா பட்ஜன் கீழ்க்கையால் பந்தை உருட்டிவிட்டாள். ஒரு குழந்தைகூட அடித்திருக்கும். கேப்டன் மட்டையை நகர்த்தி வழிவிட்டார். நடு ஸ்டம்ப் சாய்ந்து, விழலாமா என்று யோசித்து, விழுந்தது.

"கேளுங்க" என்றார் கேப்டன். அவர் முகம் மலர்ந்திருந்தது. "யாராவது கேளுங்க. மார்த்தா? கேளும்மா."

மார்த்தா குனிந்து தன் பூட்சில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்துகொண்டார்கள்.

"வீடெல்லாம் உங்க பேருக்கு எழுதித் தரேன். கெஸியா! நீ கேளு. உனக்கு இப்ப உரிமை இருக்கு. தயவு பண்ணு."

இனக் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை, அது போதும். கெஸியா முன்னால் வந்தாள். கேப்டனின் மார்பில் இருந்த முதல் ஓட்டை வழியாக அந்தப் பக்கத்து எல்ம் மரம் அவளுக்குத் தெரிந்தது. குனிந்து ஸ்டம்பை எடுத்தாள். மண்ணைத் துடைத்து, பழைய குழியிலேயே நட்டு, உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினாள்.

"கீழே அகழெலி குடைஞ்சிருக்கு, கேப்டன்" என்றாள். "நீங்க ஆடுங்க."

அவர் ஆடினார். வேறென்ன செய்வது, அவுட் ஆகாமல் வெளியே போவது அவர் வளர்ந்த விதத்துக்கு ஒத்துவராது. இருட்டும்வரை பெண்கள் முறை வைத்துப் பந்து போட்டார்கள், ஸ்டம்ப் விழுந்தபோதெல்லாம் யாராவது ஒருத்தி வந்து நட்டு வைத்தாள். மறுநாள் வந்து பார்த்தபோதும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இனக் பதினாறு வருடம் கழித்து, கையைத் தூக்காமலே இறந்தான். கதவில் தொங்கிய எலும்பைக் கெஸியா கேப்டன் களத்தில் நின்ற முதல் வாரத்திலேயே கழற்றிப் புதைத்துவிட்டாள். அவளும் பிறகு போய்ச் சேர்ந்தாள். போகும்போது ஏமஸின் மகளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பிரிம்ஹர்ஸ்ட் மைதானத்தில் இன்றும் சனிக்கிழமைகளில் ஆட்டம் நடக்கிறது. வெளியூர் அணிகளிடம் முன்னதாகவே சொல்லிவிடுகிறார்கள்: அந்த முனையில் நிற்கிறவர் மேல் பந்து பட்டால் இரண்டு ஓட்டம், அவரைக் குறித்து மட்டும் யாரும் அவுட் கேட்கக் கூடாது. பெரிய வீரருக்கு ஊர் செய்கிற மரியாதை என்று வந்தவர்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள். காற்றடிக்கும் நாட்களில் அவர் ஏதோ கெஞ்சுகிற மாதிரி இருக்கும், ஆட்டக்காரர்களுக்கு அது பழகிப்போயிற்று. புல் வெட்டுகிறவர்கள் அவரைச் சுற்றி வெட்டுகிறார்கள். மழை வந்தால் ஆடுகளத்தைத் தார்ப்பாயால் மூடும்போது அவரையும் சேர்த்து மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார்கள்.